வீரசிங்கத்தின் குரல் போன வருஷம்

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப்போகும் தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் ராசம்மா இருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள். பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள், பிரசவ நேரம் தவிர அதைக் கழற்றியதில்லை. அதிகம் பேசமாட்டாள். வீட்டில் பேசுவதையெல்லாம் அவள் புருஷன் வீரசிங்கம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

வீரசிங்கம் அந்தப் பிரிவில் சங்கத்துத் தலைவராக இருந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் எழுதும்போது, தோட்டத் துரைக்கு எதிரே நின்று நியாயம் கேட்பது அவர் குரல்தான். எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்குக்கூட அது கேட்கும் என்பார்கள். கலியாண வீடு, இழவு வீடு, கோயில் திருவிழா எதுவானாலும் நாலு வார்த்தை பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு கொழும்பில் ஒரு சாமான் கிட்டங்கியில் வேலை கிடைத்துப் போனார். ஒரு வருஷம் காசு வந்தது. அப்புறம் குறைந்தது, அப்புறம் நின்றது. கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லா என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று தோட்டத்துப் பையன் ஒருவன் வந்து சொன்னான். ராசம்மா அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அப்போது மகள் சிவசக்திக்குப் பதினாலு வயது.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அந்த ஸ்டெல்லாவே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ராசம்மா வாசலில் விறகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே ரோட்டில் ஓட்டோ நின்றது. ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்ட ஒரு மனிதர், நாலு படி ஏறுவதும் நிற்பதுமாக வந்தார். பக்கத்தில் வரும்வரை ராசம்மாவுக்கு யாரென்று தெரியவில்லை. தெரிந்த பிறகும் கையிலிருந்த விறகைக் கீழே போடத் தோன்றவில்லை.

"அக்கா, நான் ஸ்டெல்லா."

"தெரியும்."

"இவருக்குத் தொண்டையில கேன்சர். நானும் முடிஞ்ச அளவு பாத்துட்டேன் அக்கா. கடன் வாங்கித்தான் இதுவரைக்கும் செஞ்சேன். வீட்டுக்கார அம்மா ரூமை விடச் சொல்லிட்டாங்க. நான் வேலைக்குப் போனா இவரைப் பாக்க ஆளில்ல, போகாட்டிச் சாப்பாடு இல்ல. பதுளையிலயே வைத்தியம் செய்யலாம்னு டொக்டர் சொன்னாரு."

வீரசிங்கம் விறகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். ஏதோ சொன்னார். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ராசம்மாவுக்கு வார்த்தை பிடிபடவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

"மழை வரப்போகுது. உள்ள வாங்க," என்றாள்.

அன்று பொழுதுபடப் பதுளையில் வேலை முடிந்து சிவசக்தி வந்தாள். முன்ஸிப் என்ற முதலாளியின் புடவைக் கடையில் அவள் விற்பனைப் பெண். தகப்பனைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பெரிந்த குசினிக்குள் போய்த் தாயின் எதிரே நின்றாள்.

"என்னாத்துக்கு உள்ள விட்ட?"

"வாசல்ல வந்து நின்னுச்சு."

"நின்னா? நாம ரெண்டு பேரும் பட்டது மறந்துபோச்சா ஒனக்கு?"

ராசம்மா யோசித்துப் பார்த்தாள். மறக்கவில்லை. எல்லாமே ஞாபகம் இருந்தது. ஆனால் அதை எடுத்து வைத்துக் கோபப்படலாம் என்றால் கோபம் வரவில்லை. பாவம் என்று நினைக்கலாம் என்றால் அதுவும் வரவில்லை. "தெரியல சக்தி. சோத்தைப் போட்டுச் சாப்புடு," என்றாள்.

ஸ்டெல்லா அன்று அங்கேதான் தங்கினாள். மறுநாள் காலையில் இரண்டு பெண்களும் அவரை நடுவில் உட்காரவைத்துப் பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். கிளினிக் வாசலில் ஒரே கூட்டம். பசறைப் பக்கத்திலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் வந்தவர்கள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி எடுத்துச் சொன்னார். குரல்வளையை எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் மூச்சு. அதற்குப் பிறகு கரண்ட் பிடிக்க வேண்டும், கதிர் வைத்தியம். செய்தால் பிழைக்க வழியுண்டு.

"பேச்சு?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

மிஸ்ஸி இல்லை என்று தலையை ஆட்டினார்.

வைத்தியம் இலவசம்தான். ஆனால் இலவசத்தைச் சுற்றிச் செலவு இருந்தது. ஒரு ஸ்கேன் வெளியில் எடுக்க வேண்டியிருந்தது. நாடு முழுக்க மருந்து தட்டுப்பாடாக இருந்த காலம் அது. ஊசி மருந்தில் சிலதைப் பாமசியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். சோறு இறங்காத மனிதருக்கு மாவும் பாலும் வேண்டும். லயத்திலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து டவுனுக்கு என்று ஒவ்வொரு நடைக்கும் ஓட்டோ வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்கு ஆடைப்பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் கணக்குப் பேசினார்கள். மீன் வாங்கிப் பங்கு போடுகிற மாதிரிதான் அந்தப் பேச்சு இருந்தது. மருந்து ஸ்டெல்லா பொறுப்பு. மாசா மாசம் அனுப்புவாள். ஸ்கேன், போக்குவரத்து, சாப்பாடு ராசம்மா பொறுப்பு. அவர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வையவே இல்லையே அக்கா என்னைய," என்றாள் ஸ்டெல்லா, பஸ் ஏறுமுன்.

"வைஞ்சா பஸ் போயிரும்."

ராசம்மா முதலில் ஆட்டை விற்றாள். பிறகு காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தாள். அது ஸ்கேனுக்குச் சரியாகப் போயிற்று. அதற்கு மேல் அவளிடம் இருந்தது ஒன்றுதான். வேலையிலிருந்து நின்றுவிட்டால் இத்தனை வருஷச் சேமலாபப் பணம் கைக்கு வரும். தோட்ட ஆபீசுக்குப் போய்ப் பேரை வெட்டச் சொன்னாள்.

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "ராசம்மா, பேரை வெட்டிட்டா வெட்டினதுதான். அப்புறம் பதிவில்லாத கைக்காசு ஆளாத்தான் மலைக்குப் போகணும். ஒன்னைய விட்டுட்டுப் போன மனுசனுக்காகவா? நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேங்க."

அவள் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் ஓடையில் இறங்கிக் கால் கழுவினாள். இன்றைக்குக் கரட் கறி வைக்கலாமா, பருப்பு வைக்கலாமா என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பணம் வந்தால் புதுசாக ஒரு குசினியும் கக்கூசும் கட்டலாம் என்று முன்பு நினைத்திருந்தாள். சிவசக்தி கலியாணத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்புகள் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை.

சிவசக்திக்குச் செய்தி கடையில் வைத்தே தெரிந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவள் தாயோடு பேசவில்லை. தகப்பனோடு, அவர் வந்த நாளிலிருந்தே பேச்சில்லை. மூன்று பேரும் ஒரே அறையில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், ஆட்களைப் பார்க்க விடும் நேரத்தில், தமிழ் மிஸ்ஸி வாட்டுக்கு வந்தார். "பேசறதெல்லாம் இன்னைக்கே பேசிக்கங்க. நாளைக்குப் பொறகு இந்தக் குரல் இருக்காது," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஸ்டெல்லா கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் போயித் தேத்தண்ணி வாங்கிட்டு வாரேன்," என்று ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனது ராசம்மாவுக்குத் தெரிந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த ஒன்பது வருஷத்தில் கொழுந்து பறித்துக்கொண்டே அவரிடம் கேட்பதற்கு எத்தனையோ கேள்விகளை அடுக்கி வைத்திருந்தாள். ஒருகாலத்தில் அவற்றை வாய்விட்டே சொல்லிப் பார்த்ததுண்டு. இப்போது ஒன்றும் மேலே வரவில்லை. அவரும் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டு கிடந்தார்.

கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார். காற்றும் கரகரப்புமாக வந்தது. "லயத்துக்குப் பின்னால... மொளகுக் கொடி ஒண்ணு வச்சேனே..."

"வெட்டிட்டாங்க. தண்ணிக் கான் வெட்டும்போது."

"ம்."

அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா வந்து, ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவர் வாயில் வைத்தாள். அவர் ஒரு மிடறு விழுங்கி முகத்தைச் சுளித்தார்.

"சீனி கூடிப்போச்சு," என்றார்.

மணி அடித்தது. இரண்டு பெண்களும் எழுந்து வெளியே வந்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது ஸ்டெல்லா கேட்டாள்: "என்னா சொன்னாரு அக்கா ஒங்ககிட்ட?"

"மொளகுக் கொடியக் கேட்டாரு."

ஸ்டெல்லா நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று ராசம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.

ஆபரேஷன் பிழையில்லாமல் நடந்தது. அவரைப் பார்க்க விட்டபோது கழுத்தில் ஓட்டையும் அதில் ஒரு குழாயும் இருந்தன. மூக்கு வழியாக இன்னொரு குழாய் போயிற்று. ராசம்மா அவற்றைக் கழுவப் பழகினாள். சளியை உறிஞ்சி எடுக்க, துணியை அவித்துக் காயவைத்து மடிக்க, மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் குழாயில் ஊற்ற எல்லாம் பழகினாள். மிஸ்ஸிமார் அவளை மெச்சிக்கொண்டார்கள். "கை நடுங்கவே இல்ல ஒங்களுக்கு," என்றார்கள். நடுங்குவதற்கு உள்ளே ஏதாவது அசைய வேண்டும் என்று ராசம்மா நினைத்தாள், சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு கரண்டியால் டம்ளரைத் தட்டிக் கூப்பிடுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் மூச்சு அடைக்கிறது என்று அர்த்தம். அவருக்கு நன்றாக எழுத வரும். சங்கத்துக்கு எத்தனையோ மகஜர் எழுதியவர். பக்கத்தில் பென்சிலும் தாளும் வைத்திருந்தும், வலி, தண்ணி, குளிர் என்பதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை.

சிவசக்தி ஒரு நாள் தாயைப் பின்பக்கம் கூப்பிட்டாள். "எழுதத் தெரியும்தானே அவருக்கு? ஏன் போனேன்னு எழுதித் தரச் சொல்லு."

"எழுதித் தந்தா என்னா செய்யிறது?"

அடுத்த வாரத்திலிருந்து சிவசக்தி கடையில் வாரம் ஒரு நாள் பிந்திப் போக முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டாள். அந்த நாளில் அவரை அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பேசவில்லை, கூட்டிப்போனாள்.

கரண்ட் பிடிக்கிறது வாரத்தில் ஐந்து நாள். ஒன்றரை மாசத்துக்கு மேல் இழுத்தது. தெமோதரையிலிருந்து பதுளைக்கு அந்த வளைவு ரோட்டில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவருக்குக் குமட்டும். ராசம்மா மடியில் சொப்பிங் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்து ஓட்டையிலிருந்து சளி தெறிப்பதைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து போய் நிற்பார்கள். அவள் யாரையும் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். தேயிலை, மதகு, மறுபடி தேயிலை. போனதும் வந்ததும் ஒரே நாள் மாதிரி இருந்தது. லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்பார்கள்: "மனசுக்குக் கஷ்டமா இருக்குமே ராசம்மா?" அவள் மனசுக்குள் தேடிப்பார்ப்பாள். அரிசி டின்னைத் திறந்து கையை விட்டால் அடித் தகரம் தட்டுமே, அந்த மாதிரி இருக்கும். "இருக்குதுக்கா," என்று அவர்களுக்காகச் சொல்லி வைப்பாள்.

மாசத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வருவாள். இராத்திரி மெயில் ரயிலில் ஏறி விடிந்ததும் தெமோதரையில் இறங்குவாள். வந்த கையோடு அவர் துணிகளை எல்லாம் வாரிக்கொண்டு பீலிக்குப் போவாள். முதல் தடவை லயமே வேடிக்கை பார்த்தது. போகப் போக யாரும் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து நெத்தலிக் கருவாடு கொண்டு வந்து ராசம்மாவுக்குப் பிடித்த மாதிரி உறைப்பாக வதக்குவாள். ராசம்மா வாய்திறக்காத இடத்தில் அவள் அவரைத் திட்டுவாள். "என்னா தலைவரே, மாவு வேணாமா? வேணாம்னா வேணாம்னு வாயால சொல்லுங்க பாப்போம்." அவர் கரண்டியை ஓங்குவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விசில் மாதிரி போய் வந்தது.

"முன்னெல்லாம் என்னா குறட்டை!" என்றாள் ஸ்டெல்லா. "பக்கத்து ரூம்காரங்க சுவத்தைத் தட்டுவாங்க அக்கா."

"இங்கயும்தான். எட்டாம் காம்பரா மாரியாயி சண்டைக்கே வந்துச்சு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தால் அதிகமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவர் விழித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஆண்டில் ராசம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

ஸ்டெல்லா வராத ஞாயிறுகள் நீளமாக இருப்பதை அதற்குப் பிறகுதான் அவள் கவனித்தாள்.

வைத்தியம் எல்லாம் முடிந்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, அதைக் காட்டப் போன நாளில் ஸ்டெல்லாவும் லீவு போட்டு வந்திருந்தாள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார். ராசம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு விளங்கும். மிஸ்ஸி சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டெல்லா டொக்டரின் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீரசிங்கத்தின் தோள் குலுங்கியது. அழுகைக்குச் சத்தம் இல்லாததால் அவர் இருமுகிறார் என்று மிஸ்ஸி முதுகைத் தடவிவிட்டார். ராசம்மா ஃபைலை எடுத்து உறையில் போட்டாள்.

"ரெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சிரலாம்," என்றாள்.

செத்துப்போவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும், யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பதெல்லாம் தலைக்குள் ஒழுங்காக இருந்தது. அவர் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

அடுத்து ஸ்டெல்லா வந்தபோது புதுப் பை ஒன்று வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னாள்.

"ஜோர்தானுக்குப் போறேன் அக்கா. ஒரு வீட்டு வேலை. இவரு வைத்தியத்துக்கு எடுத்த கடன் அப்பிடியே நிக்குது. இங்க இருந்து கட்ட முடியாது."

"எப்ப?"

"வாற வெள்ளிக்கிழமை."

ராசம்மா தட்டைக் கழுவி முடித்தாள். கழுவிய தட்டை மறுபடியும் கழுவினாள். "அங்க குளிராம்ல. சுவெட்டர் இருக்கா?" என்று கேட்டாள்.

"வாங்கிக்கலாம்."

வீரசிங்கம் வாசலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அவர் முன்னால் போய்க் குந்தினாள். "நான் போயிட்டு வாரேன். அக்காவை வேலை வாங்காதீங்க. ஒங்க கொழாயை நீங்களே கழுவிப் பழகுங்க," என்றாள். அவர் அவள் கையைப் பிடித்தார். பிறகு, ராசம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஞாபகம் வந்ததுபோல் விட்டுவிட்டார். ராசம்மாவுக்கு அதில் ஒன்றும் படவில்லை. பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

ஸ்டேஷன் வரைக்கும் ராசம்மா கூடப் போனாள். பையின் ஒரு காதை அவளும் மறு காதை ஸ்டெல்லாவும் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். ரயில் வந்ததும் ஸ்டெல்லா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யாரும் அப்படிக் கட்டிப்பிடித்து ராசம்மாவுக்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி நின்றாள். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷன் ஆள் வந்து, "இனி ரயில் இல்லம்மா," என்றபோதுதான் எழுந்தாள்.

வீரசிங்கம் இப்போது ஓரளவு நடமாடுகிறார். குழாயைத் தானே கழுவுகிறார். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி வெட்டி லீக்ஸ் போட்டிருக்கிறார். சம்பளப் பிரச்சினை வந்தால் ஆட்கள் பழக்கதோஷத்தில் அவரிடம் வருகிறார்கள். அவர் தாளில் எழுதிக் கொடுக்கிறார், வேறு யாரோ வாசிக்கிறார்கள். சிவசக்திக்கு அடுத்த வருஷம் பசறையில் கலியாணம் பேசியிருக்கிறது. ராசம்மா கைக்காசுக்கு மலைக்குப் போகிறாள். பறித்த கொழுந்தின் நிறைக்கு மட்டும்தான் காசு. மழை நாளில் வேலை இல்லை.

அவளும் அவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவர் கட்டிலில், அவள் கீழே பாயில். முன்பு அவரை "இந்தாங்க" என்று கூப்பிடுவாள். அவர் திரும்பி வந்த நாளிலிருந்து எப்படிச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தட்டை ஒரு தடவை தரையில் நகர்த்துவாள். அந்தச் சத்தத்துக்கு அவர் வருவார்.

வெள்ளிக்கிழமைகளில் ஸ்டெல்லா போனில் கூப்பிடுவாள். போன மாசம் அப்படிக் கூப்பிட்டபோது ராசம்மா குசினியில் இருந்தாள்.

"அவரு எப்பிடி அக்கா?"

"இருக்காரு. கிளினிக்ல ஒண்ணும் இல்லன்னாங்க."

"நீங்க?"

ராசம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். உலையில் அரிசி கொதித்தது. அந்தப் பக்கத்தில் ஸ்டெல்லா காத்துக்கொண்டிருப்பது, அவளுடைய மூச்சு உட்பட, நன்றாகக் கேட்டது.

"இங்க மழை," என்றாள். பிறகு, "நீ எப்ப வருவ?" என்று கேட்டாள்.